எட்டுப் பங்குக் கிணற்றின் கடைசி வரி

வட்டுக்கோட்டைக்கு மேற்கே உள்ள எட்டுப் பங்குக் கிணற்றுத் தண்ணீர், யாகப்பு நன்றாக மொழிபெயர்த்த நாட்களில் இனித்தது. பிழையாக மொழிபெயர்த்த நாட்களில் உவர்த்தது. இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் அந்தச் சின்ன ஒழுங்கைத் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. விஷயத்தில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தைக்குப் போகிறவன் வெங்காயம் என்ன விலை என்று விசாரிப்பது போல, காலையில் கிணற்றடிக்கு வந்தவர்கள் "இண்டைக்கு மனிசன் எப்பிடி எழுதியிருக்காம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாளியை இறக்கினார்கள்.

யாகப்பு என்றதும் பாஷையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்லோவேனியா என்றொரு சின்ன நாடு இருக்கிறது. அதன் கடற்கரைப் பட்டணம் ஒன்றில், உப்பளத்தில் வேலை செய்த ஒரு மனிதருக்குப் பிறந்தவர். யாகோப் என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எங்கள் ஊர் அந்தப் பெயரை வந்த கிழமையே யாகப்பு ஆக்கிவிட்டது, அவரும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். வாலிபத்தில் பத்திரிகையில் சேர்ந்து, தான் பிறந்தபோது இருந்த பெரிய நாடு துண்டு துண்டாக உடைந்ததை ஒவ்வொரு துண்டிலும் நின்று எழுதிப் பெயர் எடுத்தார். இடையிலே இரண்டு கலியாணம் முடித்து இரண்டையும் தொலைத்தார். ஒரு கட்டத்தில் தன் சொற்களில் அலுத்துப்போய், மற்றவர்களுடைய புத்தகங்களைத் தன் மொழிக்குக் கொண்டுவரத் தொடங்கினார். அதில் அவருக்கு ஒரு வீம்பு இருந்தது: மூலத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தன் கை போட்டதில்லை என்பது. அந்த நாட்டில் அவருடைய பெயரைச் சொன்னால் இதைத்தான் முதலில் சொல்வார்களாம். மனிதருக்கு வேறு சொத்து இல்லை, வீடு வாசலும் இல்லை. இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் அவர் செய்தி சேகரிக்க யாழ்ப்பாணம் வந்தார். பட்டணத்துப் புத்தகக் கடையில், அட்டையில் துலா போட்ட கிணறு ஒன்றின் படம் இருந்ததற்காக மட்டும், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாமல் ஒரு நாவலை வாங்கினார். அதன் பெயர் 'எட்டுப் பங்குக் கிணறு'. எழுதியவர் வினிபிரட் ரீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். வாழ்க்கையில் எழுதியது அந்த ஒரேயொரு நாவல்தான். யாகப்பு திரும்பிப் போய், தன் நாட்டுத் தலைநகரில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்த கொக்குவில் ஆள் ஒருவரைப் பிடித்து, அந்த நாவலை வாசிப்பதற்காகவே தமிழ் படித்தார். படித்து முடிக்கத் தலைமயிர் பாதி நரைத்துவிட்டது. பிறகு ஒரு நாள் பெட்டியோடு வந்து, ரீச்சர் வீட்டிலேயே வீதிப் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, "இந்தப் புத்தகம் முடியும் வரைக்கும் நான் இங்கைதான் ரீச்சர்" என்றார். கொக்குவில் வாடை மாறாத தமிழ். வெள்ளைக்காரன் வாயில் அதைக் கேட்டு ஒழுங்கையே வேலிக்குப் பின்னால் நின்று சிரித்தது.

கிணறு ரீச்சர் வளவின் பின்மூலையில், இராசநாயகத்தின் வெங்காயத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. காணி உறுதியில் எட்டுப் பங்கு. பங்குக்காரர்கள் ரொறன்ரோ, லண்டன், சூரிச் என்று போய்விட, இப்போது அள்ளுவது ரீச்சர் வீடும் இராசநாயகமும் குடிதண்ணீருக்கு வரும் அயலட்டை நாலு பேருந்தான். சுற்றுவட்டத்தில் நல்ல தண்ணீர் உள்ள கிணறு அது ஒன்றே என்பதால் அதன் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருந்தது. யாகப்பு பகலெல்லாம் எழுதுவார். வெயில் சாய்ந்ததும் கிணற்றுக்கட்டில் இருந்து, எழுதியதைத் தன் மொழியில் உரத்து வாசிப்பார். வாசித்ததைக் கிணறு திருப்பிச் சொல்லும்போது பிழை தன் காதில் விழும் என்பது அவருடைய கணக்கு. பிழை அவருடைய காதில் விழுவதற்கு முன்பே தண்ணீரில் விழுந்துவிடும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

முதல் தடவை தண்ணீர் சவர்த்தபோது இராசநாயகம் மோட்டரைக் குற்றம் சொன்னார், பிறகு மேற்கு வளவில் புதிதாக அடித்த குழாய்க்கிணற்றைக் குற்றம் சொன்னார், கடைசியில் சூரிச்சில் இருந்த மச்சானுடன் பழைய கோபத்தைக் கிளறி ரெலிபோனில் சண்டை பிடித்தார். தண்ணீர் சோதிக்கிறவர்கள் வந்து காலையில் ஒரு போத்தலும் மத்தியானம் ஒரு போத்தலும் எடுத்துப் போய், ஒன்று நல்ல தண்ணீர், மற்றது கடல் தண்ணீர், போத்தல் ஒழுங்காகக் கழுவப்படவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். உண்மையில் நடந்தது இதுதான். அன்றைக்கு யாகப்பு, நாவலில் பிள்ளைகள் பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டுத் தின்னும் இடத்தில், தன் நாட்டு வாசகர்கள் விளங்காமல் முழிப்பார்களே என்று இரக்கப்பட்டு, கிறிஸ்மஸ் கேக் என்று எழுதி வைத்தார். காலையில் வாய் கொப்பளித்தவருக்கு உப்பு நாக்கைப் பிடித்தது. உப்பளத்தான் பிள்ளை அல்லவா, ஒரு சொட்டிலேயே அவருக்கு விளங்கியது. ஓடிப்போய்க் கேக்கை வெட்டிவிட்டுப் பனாட்டைப் பனாட்டாகவே எழுதி, கிணற்றடியில் வாசித்தார். மத்தியானம் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஒழுங்கை முழுக்க அவருக்குப் பதிப்பாசிரியர்கள்தான். ஸ்லோவேனிய மொழியில் ஒரு சொல் தெரியாத இராசநாயகம், விடியவே ஒரு கை தண்ணீரை அள்ளி வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, வீதிப் பக்கத்து யன்னலில் தட்டுவார். "யாகப்பண்ணை, நேற்று எழுதினதிலை ஓரிடம் சரியில்லை. கனக்க இல்லை, கொஞ்சம். ஒருக்காப் பாருங்கோ." பார்த்தால் இருக்கும். யாகப்புவுக்குத் தன் நாட்டில் இப்படியொரு ஆள் வாய்த்திருந்தால் இன்னும் இரண்டு பரிசு வாங்கியிருப்பார். பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரைகளையும் கிணறு விடவில்லை. ஒருமுறை பத்திரிகைக்காரர்கள், எல்லாம் ஆறிப்போன அழகான யாழ்ப்பாணம், கடலில் சூரியன் விழுகிறது, அப்படி ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதினார். தண்ணீர் உப்பாகி வெங்காயத்தின் தாள் நுனி கருகத் தொடங்கியது. இராசநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். யாகப்பு கட்டுரையைத் திருப்பி வாங்கினார், பத்திரிகை அவரைக் கைகழுவியது. அந்த முறை அறுவடையில் இராசநாயகம் ஒரு மூட்டை வெங்காயத்தை அவருடைய அறை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். தனி ஆள், ஒரு மூட்டை வெங்காயத்தை வைத்து என்ன செய்வது! ஆனாலும் யாகப்புவுக்குக் கண் கலங்கியது, வெங்காயத்தால் அல்ல.

இப்படியே பருவங்கள் போய், நாவலின் கடைசி வரி வந்தது. அந்த வரியை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ரீச்சரின் புகழ் முழுவதும் அதில்தான் இருந்தது. கலைவிழாக்களில் அதைச் சொல்லிப் பேச்சை முடிப்பார்கள். சனசமூக நிலையத்து முன்சுவரில் ஆளுயர எழுத்தில் நீல மையால் எழுதியிருந்தது: 'காலையில் அந்தக் கிணற்றடியில் ஊரெல்லாம் ஒன்றாக நின்றது.' யாகப்பு அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்து வாசித்தார். விடிந்து பார்த்தால் கிணறு கடல்.

மாற்றி எழுதினார். உப்புக் கூடியது. சொற்களை முன்னும் பின்னும் போட்டார், அகராதி எல்லாம் புரட்டினார், தன் ஊர்ப் பேராசிரியர் ஒருவரை ரெலிபோனில் எழுப்பிக் கேட்டார். ஒன்றும் சரிவரவில்லை. வெங்காயம் கிழங்கு வைக்கும் நேரம் அது. இன்னும் ஒரு கிழமை இதே தண்ணீர் பாய்ந்தால் தோட்டம் முழுக்கப் போய்விடும். குடிதண்ணீருக்கு ஆட்கள் தண்ணீர்ப் பவுசர் வண்டியை எதிர்பார்த்துக் கானோடு ரோட்டில் நின்றார்கள். எழுதியதைக் கிழித்துப் போட்டாலென்ன என்று யாகப்பு நினைத்தார், கிழித்தும் பார்த்தார். ஒருமுறை கேட்டுவிட்ட வரியைக் கிணறு மறக்கவில்லை. வினிபிரட் ரீச்சர் பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து யன்னலடியில் நின்றார்.

"உம்முடைய பாஷையிலை ஏதோ ஓட்டை இருக்கு" என்றார்.

"பாஷையிலை ஓட்டை இல்லை ரீச்சர். வரியிலை ஏதோ குறையுது."

"என்ரை வரியிலையோ?" ரீச்சருக்கு முகம் சிவந்தது. "நான் கண்ணாலை கண்டதை எழுதினனான். சின்னனிலை அந்தப் பின் யன்னலிலை இருந்து ஒவ்வொரு நாளும் பாத்தனான். எல்லாரும் வந்தவை. ஒருத்தர் மிச்சமில்லை!"

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரிந்த மனுசியும் இல்லை. அதுதான் யாகப்புவைக் குழப்பியது. மொழிபெயர்த்தவனும் பிழைவிடவில்லை, எழுதியவளும் பொய் சொல்லவில்லை, பிறகேன் தண்ணீர் இப்படிக் கரிக்கிறது? வேறு வழியில்லாமல் அவர் தன் பழைய பழக்கத்துக்குப் போனார். விளங்காத காட்சி எதுவாக இருந்தாலும் அதை நடித்துப் பார்ப்பது அவருடைய வேலைமுறை. தேத்தண்ணித் தட்டோடு கதாநாயகி நடக்கும் காட்சிக்காகத் தானே தட்டைத் தூக்கி நடந்து ரீச்சரின் நல்ல கோப்பைகளை உடைத்தவர் அவர். ரீச்சரின் சின்ன வயதில் அந்தக் கிணற்றடிக்கு வந்த எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, அன்றைக்கு நின்ற இடத்தில் நின்று காட்ட வேண்டும் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவைத்தார்.

கோயில் திருவிழா போல வந்தார்கள். தேவாலயம் முடிந்து சீலை மடிப்புக் கலையாமல் வந்தவர்கள், திருநீற்றோடு வந்தவர்கள், மூட்டுவலித் தைலம் மணக்க வந்தவர்கள் என்று கிழடுகள் எல்லாம் குடத்தோடும் வாளியோடும் ஆஜர். வெளிநாட்டுப் பங்குக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆளுக்கொரு ரெலிபோனில் வீடியோ போட்டு அவரவர் இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரொறன்ரோவில் நடுச்சாமத்தில் போர்வையோடு இருந்த மனிதர், "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்! அது எங்கடை பங்கு இல்லை, அது அவையின்ரை!" என்று கத்தினார். அறுபது வருடத்துக்கு முந்திய நீர்முறைச் சண்டை அந்தக் கண்ணாடிச் சில்லுகளுக்குள் திரும்பவும் தொடங்கப் பார்த்தது. கிணற்றடி சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. ரீச்சர் மட்டும் இறங்கி வரவில்லை. சின்னப் பிள்ளையில் தான் இருந்த அந்த யன்னலிலேயே போய் இருந்தார்.

அந்தக் கூட்டத்தில் குணலட்சுமியும் வந்திருந்தாள். இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியம் எடுக்கிறவள்; மகன் பாரிசில்; அவன் கட்டிக்கொடுத்த மேல்வீடுதான் ஒழுங்கையில் பெரிய வீடு. தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. குடிக்கிறது கிழமைக்கொருமுறை லொறியில் வருகிற பெரிய போத்தல் தண்ணீர். அந்தக் கிணறு இனித்தாலென்ன, சவர்த்தாலென்ன, அவளுக்கு ஒன்றுமில்லை. பகிடி பார்ப்பதற்காக, வீட்டில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற பிளாஸ்ரிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்றவளோடு பேத்தியின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தபடியே வந்தாள். எல்லோரும் தங்கள் தங்கள் இடத்தைப் பிடித்தபோது அவளும் கதையை நிறுத்தாமல் போய் நின்றாள்.

யன்னலில் இருந்து ரீச்சர் கூப்பிட்டார். "பாத்தீரே யாகப்பு! எல்லாரும் ஒண்டாத்தானே நிக்கினம்!"

யாகப்பு கிணற்றுக்கட்டில் ஏறி நின்று பார்த்தார். யன்னலில் இருந்து பார்த்தால் ஒரே கூட்டந்தான். மேலிருந்து பார்த்தால் கட்டைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது; அதற்கு அங்காலே வெறும் நிலம்; அந்த வெறும் நிலத்துக்கும் அங்காலே, துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குணலட்சுமி வெறுங்குடத்தைக் காலடியில் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளோடு வேறும் சில பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்களும் கையைக் கட்டியிருந்தார்கள். ஒருவர் கையிலும் கயிறு இல்லை. சிரிப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. ரொறன்ரோக்காரர்கூட வாயை மூடினார்.

யாகப்பு கிணற்றுக்கட்டில் இருந்து இறங்கினார். போய் ரீச்சரின் கையைப் பிடித்து, மெல்ல மெல்ல நடத்திக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார். ரீச்சர் கிணற்றுக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"குணம், நீ ஏன் அங்கை நிக்கிறாய்?"

"அங்கைதானே ரீச்சர் நாங்கள் நிக்கிறது" என்றாள் குணலட்சுமி, சாதாரணமாக. "ஆரும் வந்து அள்ளி வாத்துவிடுமட்டும்." சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவள் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது. முதலில் வெட்கம் வந்தது. வெட்கப்பட்டதற்காக உடனே கோபம் வந்தது. "பாத்தியளே, நான் மறந்தாலும் இந்தக் கால் மறக்கேல்லை!" என்று சொல்லி, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறென்று வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ரீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் காகமும் குடியாத அளவுக்குக் கரித்தது. இராசநாயகம் கருகிய தாளைக் கொண்டுவந்து யாகப்புவின் மேசையில் வைத்து, "அண்ணை, குறையிறதை நீங்களே போட்டு முடியுங்கோவன், ஆர் கேக்கப் போகினம்?" என்று கெஞ்சினார். போடலாம். யாகப்புவுக்கு இப்போது என்ன குறைகிறது என்று தெரியும். ஆனால் தன்னுடையதல்லாத வரியில் கை வைத்தால், அன்றோடு அவர் அவராக இல்லை. வைக்காவிட்டால் இந்த மனுசனின் தோட்டம் போகிறது. தன் பெயருக்காக ஊரைச் சாகவிடுகிறேனா என்று அவர் தன்னையே வெறுத்தார். கடைசியில் பேனையை எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். அப்போதுதான் ரீச்சர் கதவைத் திறந்து, பொல்லோடு படலையைத் தாண்டிப் போவதைக் கண்டார்.

குணலட்சுமியின் மேல்வீட்டுப் படியில் ரீச்சர் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறி மூச்சு வாங்கி முடிந்ததும், "அந்த வரியை நீரே சொல்லும் குணம், நான் எழுதுறன்" என்று கேட்டாராம். குணலட்சுமி தேத்தண்ணி கொடுத்தாள், மறுமொழியும் கொடுத்தாள். "நான் ஏன் சொல்ல? கதை உங்கடை. என்னத்தை எழுதிறது எண்டு தெரியாட்டி, ஒருக்கா அங்கை வந்து நிண்டு பாருங்கோ."

அடுத்த நாள் காலை ரீச்சர் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், குணலட்சுமி விட்டுப்போன அதே பிளாஸ்ரிக் குடத்தைக் காலடியில் வைத்து நின்றார். குணலட்சுமி ஆறுதலாக வந்தாள். கிணற்றுக்கட்டில் ஏறினாள். அந்தக் கப்பியில் அவள் வாளி விட்டது அதுதான் முதல் முறை. வாளி பாதிவழி வர மகன் பாரிசில் இருந்து ரெலிபோன் எடுத்தான். கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி அவனோடு கதைத்தாள், மருமகளோடு கதைத்தாள், அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தாள். வெயில் ஏறியது. ரீச்சர் பொல்லை இரண்டு கையாலும் பிடித்தார். யாகப்பு கதிரை கொண்டுவர எழும்பினார். ரீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கதைத்து முடித்து, குணலட்சுமி வந்து குடத்தில் வார்த்துவிட்டாள். ரீச்சர் இரண்டு கையாலும் ஏந்தி அந்த உப்புத் தண்ணீரைக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை, ஆனால் அழுதார்.

"இவ்வளவு நேரமே நிக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

"சில நாளிலை ஒருத்தரும் வரமாட்டினம். அண்டைக்கு வெறுங்குடந்தான்" என்றாள் குணலட்சுமி.

ரீச்சர் அந்த இடத்தில் நின்றபடியே யாகப்புவைப் பார்த்து வரியைச் சொன்னார்: 'காலையில் அந்தக் கிணற்றடியில் ஊரெல்லாம் நின்றது, பாதி அள்ளியது, பாதி காத்து நின்றது.' யாகப்பு அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் தன் மொழிக்கு மாற்றி, கிணற்றுக்குள் குனிந்து வாசித்தார். குரல் திரும்பி வந்தது. இராசநாயகம் வாளியை விட்டு அள்ளி, வாய்க்குள் உருட்டி, மோட்டரைப் போட ஓடினார். குணலட்சுமியிடம் ஒரு செம்பை நீட்டியபோது, "நல்லாத்தான் இருக்கும். எனக்குப் போத்தில் பழகிட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவளை யாரும் மறிக்கவில்லை.

புத்தகம் ஸ்லோவேனியாவில் வந்தது. தமிழ்ப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த யாரோ ஒருவர், கடைசி வரியில் மொழிபெயர்ப்பாளர் கை வைத்துவிட்டார் என்று பத்திரிகையில் எழுதினார். அத்தனை வருடப் பெயர் ஒரு கிழமையில் போனது. யாகப்பு மறுப்பு எழுதவில்லை. தமிழ் இரண்டாம் பதிப்பு வந்தால் தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டார். அவர் இப்போது தன் பட்டணத்தில் இருக்கிறார். இங்கே சனசமூக நிலையத்துச் சுவரையும் திருத்தினார்கள். எழுத்து பெரியது, சுவர் போதவில்லை. 'பாதி அள்ளியது' என்பதோடு முன்சுவர் முடிந்துபோக, மிச்சத்தைப் பக்கச் சுவரில் எழுத வேண்டியதாயிற்று. வாசிக்க விரும்புகிறவர்கள் மூலையால் திரும்பிப் போய் நிற்கிறார்கள். ரீச்சர் மாலை நேரங்களில் அங்கேதான் கதிரை போட்டு இருக்கிறார்.

பங்குனி வெயிலில் ஒரு கிழமை போத்தல் லொறி வரவில்லை. குணலட்சுமி குடத்தோடு கிணற்றடிக்கு வந்தாள். துவைக்கிற கல்லைத் தாண்டினாள், கிணற்றுக்கட்டில் ஏறினாள், வாளியை விட்டு அள்ளினாள். அள்ளிய இடத்திலேயே நின்று, வாளியைச் சரித்து வயிறு நிறையக் குடித்தாள். வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்ற இராசநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவர் இல்லை" என்றாள், வாயைத் துடைத்தபடி.

"ஓம்" என்றார் அவர். "யாகப்பண்ணை அங்கை நல்லா எழுதுறார் போல."